ஈயம் பூசின சைனா

சார் எல்லாம் வேண்டாமுங்க. அண்ணான்னு சொல்லுங்க, ஐயான்னு சொல்லுங்க, பெருசுன்னு வேணாலும் சொல்லுங்க, ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் எனக்கு ஆகாது. ஏன்னு சொல்றேன். முதல்ல நீங்க கொஞ்சம் இப்படி நகர்ந்துக்குங்க, ஈரோடு வரைக்கும் அந்தப் பக்கம் வெயில் அடிக்கும். மடியில இருக்கிற இது உங்களை இடிக்குதுங்களா? மேல வைக்கலாம்னா மேல இருக்கிற பெட்டி எதுவும் இது மேல சாயக்கூடாது. கீழ வைக்கலாம்னா யாராவது காலை வச்சிருவாங்க. டிக்கெட் பார்க்க வந்தவர் அப்பளக்கட்டான்னு கேட்டாரே, அப்ப நீங்களும் சிரிச்சீங்க, பார்த்தேன். அப்பளம் இல்லீங்க. சைனா.

ட்ரம்ஸ் வாசிக்கிறவங்களைச் சுத்தி ஸ்டாண்டுல தட்டுத் தட்டா மாட்டியிருக்குமே, பார்த்திருக்கீங்களா? அதுக்கு சிம்பல்னு பேரு. அதுல ஒரு தினுசுக்கு சைனான்னு பேரு. போன வருஷம் ஐப்பசி வரைக்கும் இது எனக்கும் தெரியாதுங்க. இப்ப கோயமுத்தூர் ஜில்லாவுல என்னை விட்டா இதைப் பத்திச் சொல்றதுக்கு ஆள் இல்லை.

நமக்கு அவிநாசி. சென்னியப்பன் பாத்திரக்கடைன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. முப்பத்தாறு வருஷமா பித்தளை, செம்பு, வெண்கலம், எவர்சில்வர். விரல் முட்டியால ஒரு தட்டுத் தட்டினாப் போதும், என்ன உலோகம், என்ன கனம், எங்க ஓட்டையடைச்சுப் பத்து வச்சிருக்கு, எல்லாம் காது சொல்லிரும். ஒருக்கா கரூர் பார்ட்டி ஒருத்தர் போன்ல பேசிட்டிருந்தார். அவர் வீட்ல பின்னாடி என்னமோ விழுந்துச்சு. "ஏனுங்க, அது அரை லிட்டர் எவர்சில்வர் சொம்புதானுங்களே, அடியில லேசா ஒடுங்கியிருக்குமே"ன்னு கேட்டேன். மனுசன் படக்னு போனை வச்சுட்டார். அசந்து போயிட்டார் பாருங்க. அப்புறம் அவர் நம்மகிட்டச் சரக்கே எடுக்கலை, அது வேற விசயம்.

எனக்கு ஒரே பொண்ணு, இந்துஜா. மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் கம்பெனி. கூட வேலை செய்யற பையனைக் கல்யாணம் பண்ணிக்கறேன்னா. சரின்னேன். பொண்ணு பார்த்தாலும் சரின்னு சொன்னது நான்தானே, அப்ப அவர் நான் பார்த்த மாப்பிள்ளைதானுங்களே? ஹேமந்த்னு பேரு. பெரம்பூர்க்காரர். ஆள் தங்கம். வாரம் அஞ்சு நாள் ஆபீஸ், ஞாயித்துக்கிழமை ஆனா 'கொள்ளிவாய்'னு ஒரு பாண்டு, அதுல ட்ரம்ஸ். மெட்டல் பாண்டுன்னாங்க. எனக்கு ஒரே சந்தோசம். "எந்த மெட்டலுங்க மாப்ளை, பித்தளையா?"ன்னு கேட்டேன். போனை என் பொண்ணுகிட்டக் கொடுத்துட்டார்.

மாப்பிள்ளைகிட்ட ஒரே ஒரு குறை. என்னை சார்ங்கறார்.

மணமேடையில தாலி கட்டி முடிச்சு, கால்ல விழுந்து எந்திரிச்சு, "தேங்க்யூ சார்"ங்கறார். என்னமோ நான் கூரியர்ல பார்சல் கொண்டு வந்து கொடுத்த மாதிரி. என் சம்சாரம் பூங்கொடிக்கு மட்டும் முதல் நாளே அத்தை. அவ என்னங்க செஞ்சுட்டா? ஒரு ரசம் வச்சா. அதுக்கு "அத்தை, ரசம் சூப்பர்." நான் மண்டபம் பிடிச்சேன், ரெண்டாயிரம் பேருக்குப் பந்தி போட்டேன், "பார்க்கிங் எங்க சார்?"

எங்க ஊர்ல கைக்குழந்தையைக்கூட வாங்க போங்கன்னுதான் கூப்பிடுவோம். மரியாதைக்குப் பஞ்சமில்லை. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா? மாமனாரை மாமான்னு கூப்பிடறது முறை. எங்க பெரியப்பா பையன் ரங்கசாமின்னு ஒருத்தர். அடுத்தவன் வீட்டுக் கஷ்டம்னா அவருக்கு ஒரு டம்ளர் பானகம் குடிச்ச மாதிரி. மறுவீட்டு விருந்துல எல்லார் முன்னாடியும் கேக்கறார்: "ஏஞ்சென்னியப்பா, மாப்ளை சார் சார்ங்கறாரே, உன்ற கடையில கணக்கெழுதச் சேர்ந்துட்டாரா?" சொந்தம், ஒறம்பரை அத்தனை பேரும் சிரிக்கறாங்க. அன்னைக்கு முடிவு பண்ணினேன். தலை தீவாளிக்கு இந்த மனுசன் வாயில இருந்து மாமான்னு வர வச்சே தீரணும். அதுக்குத் தகுந்த சீர் செய்யணும்.

தீவாளி நோம்பிக்கு ஒரு மாசம் இருக்கறப்பப் போன் போட்டேன்.

"மாப்ளை, தலை தீவாளிக்கு என்ன செய்யட்டும்? மோதிரமா, செயினா, புல்லட் வண்டியா?"

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் வேணாம் சார்."

"கூச்சப்படாமச் சொல்லுங்க."

"நிஜமாவே வேணாம் சார்."

பக்கத்துல என் பொண்ணு குசுகுசுங்கறா. "அதைக் கேளு, அதைக் கேளு"ன்னு. அப்புறம் மாப்பிள்ளை சொன்னார்: "சரி சார், ஒரு சைனா சிம்பல் வேணா வாங்கிக் கொடுங்க. என்னோடது உடைஞ்சிடுச்சு. விலை கம்மியானதே போதும். பதினாறு இன்ச். மெல்லிசா இருக்கட்டும். சவுண்டு மட்டும் நல்லா குப்பையா இருக்கணும் சார்."

"குப்பையாவா?"

"ஆமா சார். அடிச்ச உடனே படார்னு வெடிக்கணும், அடுத்த செகண்டே செத்துடணும். கணீர்னு இழுத்துட்டே இருந்தா அடுத்த அடி கேக்காது. எங்க பாட்டு ஸ்பீடு அப்படி."

இப்ப நீங்க சொல்லுங்க. விருந்துக்கு வந்த மனுசன் "போதுங்க, வயிறு ரொம்பிருச்சு"ங்கறார். அப்ப என்ன செய்வோம்? இன்னொரு கரண்டி போடுவோம். இலையைக் கையால மறைச்சா விரல் சந்துல ஊத்துவோம். அதுதானுங்களே பழக்கம். மாப்பிள்ளை விலை கம்மிங்கறார், மெல்லிசுங்கறார், குப்பைங்கறார். எவ்வளவு தன்மையான மனுசன் பாருங்க! மாமனாருக்குச் செலவு வைக்கக் கூடாதாம். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. என் பொண்ணு தனியா மூணு தடவை கூப்பிட்டா. "அப்பா, அவரு நிஜமாவே அதைத்தான் கேக்கறாரு. குப்பையாத்தான் இருக்கணும். நீங்க எதுவும் யோசிக்காதீங்கப்பா"ன்னா. கல்யாணமாகி ஆறு மாசத்துல புருசனை விட்டுக் கொடுக்காமப் பேசறா. அதுக்கும் கண்ணு கலங்குச்சு.

கோயமுத்தூர்ல ஒரு பெரிய வாத்தியக் கடைக்குப் போனேன். ரெபேக்கான்னு ஒரு அம்மணி இருந்துச்சு. மூக்குல வளையம், கையில மண்டையோடு பச்சை குத்தியிருந்துச்சு. ஆனா நல்ல அம்மணிங்க, நாலு சைனாவை எடுத்து மேசை மேல வச்சுச்சு. பார்த்தா, நாலுக்கும் விளிம்பு மேல மடிஞ்சிருக்கு! வடைச்சட்டியைக் குப்புறப் போட்டு ஓரத்தை மட்டும் யாரோ மிதிச்ச மாதிரி.

"ஏனம்மணி, லோடு இறக்கறப்பக் கீழ போட்டுட்டாங்களா?"

"இல்ல சார், சைனான்னாலே இப்படித்தான் இருக்கும்."

யாவாரத்துல நானும் ஆயிரம் தடவை சொல்லியிருக்கேன், "டிசைனே அப்படித்தானுங்க"ன்னு.

ஒவ்வொண்ணாத் தட்டினேன். முதல்ல ஒரு பதினாறு இன்ச். சனியன், தகரக் கதவைக் காத்து அறைஞ்ச மாதிரி ஒரு சத்தம். "இது ஓட்டை"ன்னேன். "சார், இதுதான் இருக்கறதுலயே பெஸ்ட். கம்மி விலையில எடுக்கறதுன்னா பித்தளையை விட்டுட்டு வெண்கலத்துல போங்க. மெல்லிசா எடுங்க, சட்டுன்னு பேசும். ராக்கு, மெட்டலு ரெண்டுக்கும் தாங்கும். எல்லாரும் இதைத்தான் எடுக்கறாங்க"ன்னுச்சு. அடுத்ததைத் தட்டினேன். இன்னும் மோசம். மூணாவது சுண்டக்காய் வறுக்கற சட்டி மாதிரி. நாலாவதை ரெண்டு கையாலதான் தூக்க முடிஞ்சுது. பதினெட்டு இன்ச், நல்ல கனம், தட்டினா ஓரளவுக்குக் கோயில் மணி.

"இதை எடை போடுங்க."

"எடையா? சார், அது வேணாம். ரொம்பத் தடிமன். அது ரெண்டு வருசமா விக்காம இருக்கு. பேசவே பேசாது."

"பேசாத சரக்குத்தான் அம்மணி குடும்பத்துக்கு ஆகும்"னேன். விளிம்பு மடிஞ்சிருக்குன்னு சொல்லி நூத்துக்குப் பத்து குறைச்சுக் கேட்டேன். இருபதாக் குறைச்சுக் கொடுத்துச்சு. வாசல் வரைக்கும் வந்து, தானே ஆட்டோவுல ஏத்தி விட்டுச்சு. நம்ம தரம் பார்க்கற முறை அதுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

கனம் கிடைச்சுது, நாதம் கிடைச்சுது. மடிஞ்ச விளிம்புதான் கண்ணை உறுத்துச்சு. சபையில வச்சு எப்படிங்க கொடுக்கறது? ரங்கசாமி சும்மா இருப்பாரா? "மாப்ளைக்கு ஒடுங்கின சாமானைத் தள்ளி விட்டுட்டான்"னு காங்கேயம் வரைக்கும் சொல்லிருவாரே. நேரா அனுப்பர்பாளையம், நம்ம வேலுசாமியண்ணன் பாத்திரப் பட்டறைக்குக் கொண்டு போனேன்.

வேலுசாமியண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன சாமானுங்க? மூடியா, தாம்பாளமா?"

"மாப்பிள்ளைக்குச் சீரு. விளிம்பை நிமித்திக் கொடுங்க."

"வெண்கலமுங்க. தட்டினா கீறி எகிறிரும்."

"காய்ச்சித் தட்டுங்க."

"தட்டலாம். ஆனா செஞ்சவன் ஒரு காரணத்தோட மடிச்ச மாதிரித் தெரியுதுங்களே."

"அண்ணா, உங்களால முடியாதுன்னா சொல்லுங்க, வேற பட்டறைக்குப் போறேன்."

காய்ச்சித் தட்டினார். ஒரு பக்கம் நிமிர்ந்தா மறுபக்கம் தூக்குச்சு. மறுபக்கம் அமுக்கினா நடுவுல நெளிஞ்சுது. அதை எடுக்கப் போனா விளிம்புல ஒரு கீறல். மத்தியானச் சாப்பாட்டுக்கு உக்கார்ந்தவர் பாதியில எந்திரிச்சு வந்து மறுபடி தட்டினார். சாயங்காலம் பார்த்தா, இடிச்ச இடியில கனம் பாதியாப் போய், நாலு பக்கமும் நெளிநெளியா, பொரிச்ச அப்பளம் மாதிரி நிக்குது. டிக்கெட் பார்க்க வந்தவர் மேல தப்பில்லைங்க. அவர் சரியாத்தான் கேட்டார்.

"கீறலுக்கு ஈயப்பத்து வச்சறலாமுங்க"ன்னார் வேலுசாமியண்ணன், என் மூஞ்சியைப் பார்க்காம.

"பத்து மட்டும் வச்சாத் தனியாத் தெரியும். ரெண்டு பக்கமும் முழுசா ஈயம் பூசிருங்க. பளபளன்னு இருக்கட்டும்."

பூசினார். வெள்ளி மாதிரி மின்னுச்சு. கையோட பேரையும் வெட்டச் சொன்னேன். சீர்ச் சாமான்னா பேர் இருக்கணுமில்லீங்களா? புள்ளி மிசின்ல அழகா, 'தலை தீபாவளி அன்பளிப்பு, அ. சென்னியப்பன் – பூங்கொடி, அவிநாசி.' போன் நம்பரும் போட்டேன்.

அப்புறம்தானுங்க தட்டிப் பார்த்தேன்.

எப்படிச் சொல்றது? குப்பை லாரி பின்கதவு கழண்டு விழுந்த மாதிரி ஒரு 'பட்டாஞ்'. அவ்வளவுதான். நாதமும் இல்லை, இழுவையும் இல்லை, வாயை யாரோ கையால பொத்தின மாதிரி அப்படியே நின்னு போச்சு. முப்பத்தாறு வருசத்துல இப்படி ஒரு கேவலமான சத்தத்தை நான் கேட்டதில்லை. நோம்பிக்கு ரெண்டு நாள்தான் இருக்கு. கோயமுத்தூர்க் கடைக்குப் போன் பண்ணினா ரெபேக்கா நோம்பி லீவுல ஊருக்குப் போயிருச்சாம். நேரா நகைக்கடைக்குப் போய் நாலு பவுன்ல ஒரு செயின் எடுத்துட்டேன். சைனாவை அரிசி மூட்டைக்குப் பின்னாடி வச்சு மறைச்சுட்டேன். மாப்பிள்ளை கேட்டா, "சரக்கு வரலீங்க"ன்னு சொல்லிக்கலாம். சார்னு கூப்பிட்டாலும் பரவாயில்லை, இந்தச் சத்தத்தோட மட்டும் என் பேரு சேர வேண்டாம்.

ஆனா தலைவிதி பாருங்க, பூங்கொடி அரிசி எடுக்கப் போயிருக்கா.

நோம்பி அன்னைக்குக் காலையில எண்ணெய் வச்சுக் குளிச்சு, புதுத்துணி உடுத்தி, மாப்பிள்ளையையும் பொண்ணையும் நடு வீட்ல உக்கார வச்சோம். ரங்கசாமி வந்தாச்சு, வகையறா அத்தனையும் வந்தாச்சு, ஆளுக்கொரு டம்ளர் காப்பி. சீர்த்தட்டைப் பூங்கொடி கொண்டு வர்றா. வேட்டி, சட்டை, வெத்தலை பாக்கு, நடுவுல பட்டுத்துணி போட்டு மூடி, அகலமா என்னமோ. அந்த அகலத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிருச்சு, அரிசி மூட்டைக்குப் பின்னாடி இருந்ததுதான்.

"மாப்ளை, செயின், செயின் இருக்கு, அதை முதல்ல…"ங்கறேன். அதுக்குள்ள துணியை எடுத்துட்டார்.

பார்த்தார். ஓரமா விரலை ஓட்டினார். என் பொண்ணு எட்டிப் பார்த்தா. "அப்பா"ன்னா. அந்த ஒரு சொல்லுல பத்து வருசத் திட்டு இருந்துச்சுங்க.

"விளிம்பு…"ன்னார் மாப்பிள்ளை.

"நிமித்திட்டோம்"னேன்.

"இது என்ன, பெயின்ட்டா?"

"ஈயமுங்க. சுத்தமான ஈயம். புளிகூட ஊத்தி வைக்கலாம்."

பேரை முழுசாப் படிச்சார், போன் நம்பர் வரைக்கும். அப்புறம் "ரொம்ப தேங்க்ஸ் சார்"ன்னார். ரங்கசாமி பின்னாடி இருந்து, "தாம்பாளம் நல்லாருக்குதுங்க மாப்ளை, முறுக்கு வைக்கலாம்"னார். ஒரே சிரிப்பு. செயினை நீட்டறேன், அவர் கவனிக்கவே இல்லை. அவருக்கே என்னைப் பார்த்துப் பாவமாப் போயிருக்கணும். "அடிச்சுப் பார்க்கறேன் சார்"னு எந்திரிச்சார். பையில எப்பவும் குச்சி வச்சிருப்பாராமா. ஊஞ்சல் கொக்கியில ஒரு கயித்தைப் போட்டு, நடு ஓட்டையில கோத்துத் தொங்க விட்டார். நான் கண்ணை மூடிக்கிட்டேன்.

அடிச்சார்.

'பட்டாஞ்.'

வெளிய லட்சுமி வெடி வெடிச்சுட்டிருந்த பசங்க நிறுத்திட்டு உள்ள எட்டிப் பார்த்தாங்க. ரங்கசாமி காப்பியைப் புது வேட்டியில ஊத்திக்கிட்டார். மாப்பிள்ளை இன்னொரு அடி அடிச்சார். 'பட்டாஞ்.' அப்புறம் வரிசையா, பட்டாஞ், பட்டாஞ், பட்டாஞ், ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம, ஒவ்வொண்ணும் தனித்தனியாச் செத்துச் செத்து விழுது. கண்ணைத் திறந்து பார்க்கறேன், மனுசன் மூஞ்சியில சாமி வந்த மாதிரி ஒரு இது. குச்சியைத் தூக்கிக் கீழ போட்டுட்டு ஓடி வந்து என்னை இடுப்போட சேர்த்துத் தூக்கறார்.

"டேய் மாமா! என்னடா பண்ணி வச்சிருக்க! இந்த சவுண்டைத்தான்டா நான் நாலு வருசமா தேடிட்டு இருக்கேன்!"

அப்படின்னு சொன்னாருன்னு எங்க வீட்ல சொல்றாங்க. எனக்குக் கேட்டதெல்லாம் "மாமா." அவ்வளவுதான். கணீர்னு கேட்டுச்சுங்க.

இப்ப கொள்ளிவாய்க் கச்சேரி எங்க நடந்தாலும் இதுதான் முன்னாடி தொங்குது. அதுவும் பேர் வெட்டின பக்கம் சனங்களைப் பார்த்த மாதிரி. போன் நம்பர் இருக்குதில்லீங்களா, தலைமுடி வளர்த்த பசங்க எவனெவனோ கூப்பிட்டு, "அங்கிள், எனக்கும் ஒண்ணு பண்ணித் தருவீங்களா?"ங்கறான். வேலுசாமியண்ணனை வச்சு இன்னும் ஏழு அடிச்சுப் பார்த்தாச்சு. ஒண்ணுலயும் அந்தச் சத்தம் வரலை. நல்ல நாதமா வந்து தொலைக்குது. எல்லாத்தையும் கடையில தாம்பாளமா வித்துட்டேன்.

அடிச்சு அடிச்சு இதுல ஈயம் போயிருச்சு. போன வாரம் மாப்பிள்ளையே கூப்பிட்டார். "மாமா, சத்தம் இழுக்க ஆரம்பிச்சிருச்சு, ஈயம் பூசணும் மாமா"ன்னார். கூரியர்ல அனுப்பறேன்னார். வேண்டாம், உடைஞ்சிரும்னு நானே மெட்ராஸ் போய் வாங்கிட்டு வந்து, பூசி, இப்பக் கொண்டு போறேன். ஞாயித்துக்கிழமை கச்சேரி. எனக்கு முன் வரிசையில நாற்காலி. காதுல வச்சுக்கப் பஞ்சும் கொடுக்கறாங்களாமா. எனக்கு எதுக்குங்க பஞ்சு?

ரங்கசாமிக்குத்தான் இன்னும் வயித்தெரிச்சல். எந்த விசேசத்துக்குப் போனாலும், "மாப்ளை முன்னால டேய்னு ஒண்ணு போட்டாரு, பின்னால டான்னு ரெண்டு போட்டாரு"ன்னு நடிச்சுக் காட்டறார். பூங்கொடியும் சொல்றா, டேய் இருந்துச்சுன்னு. என் பொண்ணும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஆமாங்கறா. மாப்பிள்ளையே ரெண்டு தடவை மன்னிப்புக் கேட்டுட்டார், எதுக்குன்னுதான் எனக்கு விளங்கலை.

முப்பத்தாறு வருசமாத் தட்டித் தட்டிக் கேட்ட காதுங்க இது. அப்படி ஒண்ணு இருந்திருந்தா எனக்குக் கேட்டிருக்காதுங்களா?